ஆள் இருக்கும் வண்டி

வண்டிக்கு முதல் பூட்டு வாங்கியபோது கிறிஸ்துதாஸுக்கு மனிதர்கள் மேல் ஓரளவு நம்பிக்கை இருந்தது. நான்காவது பூட்டு வாங்கியபோது அது சுத்தமாகக் காலியாகியிருந்தது.

வண்டி என்றால் ஏதோ காரோ ஸ்கூட்டரோ என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பள்ளிக்கூடம் வேண்டாம் என்று தள்ளிவிட்ட மஞ்சள் வேன் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், சும்மா இருக்க முடியாமல் அதை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்து, உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, கை கழுவ ஒரு தொட்டி, திரை போட்ட ஒரு சின்ன கக்கூஸ் எல்லாம் தன் கையாலேயே செய்து வைத்திருந்தார். எல்லாம் மனைவி ஞானகுமாரிக்காக. அவள் என்றோ ஒருநாள், "ஓட்டல் பாத்ரூமெல்லாம் எனக்கு ஒத்து வராது. வீட்டையே தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா சொல்லுங்க, ஊரு சுத்த வரேன்" என்று சொல்லியிருந்தாள். பெண்டாட்டி பேச்சை இப்படி எழுத்துப் பிசகாமல் கேட்ட புருஷன் அவர் குடியிருந்த முகப்பேரில் வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

வண்டி தயார். ஞானகுமாரிதான் இல்லை. மகள் ஹெலினாவின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று மெல்போர்ன் போனவள், இரண்டாவது பேரனையும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷமாக அங்கேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வீடியோவில் பேசுவாள். பேசுவாள் என்று பெயர். பாதி நேரம் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான், கிறிஸ்துதாஸ் அந்த வீட்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்" என்பாள். அவரும் தலையாட்டுவார்.

முகப்பேர் குடியிருப்பில் இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த இடம் கிடையாது. கூட வேலை பார்த்த சண்முகசுந்தரம், கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டவர், கள்ளிக்குப்பத்தில் வாங்கிப் போட்டிருந்த காலி மனையில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பக்கத்து வீட்டோரம் மதில் இடிந்து கிடந்தது. மற்றபடி நல்ல இடம்தான்.

நிறுத்திய பதினேழாம் நாள் திருட்டுப் போயிற்று. ஜன்னல் கண்ணாடியை நகர்த்தி உள்ளே இறங்கி, பேட்டரியையும் அடுப்பையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டும் போயிருந்தார்கள். பொருள் போனதைவிட அந்தக் கசங்கிய படுக்கைதான் அவரைக் கொன்றது. ஞானகுமாரி இன்னும் ஒருமுறைகூடத் தலை வைக்காத தலையணை அது.

புகார் கொடுக்கப் போன இடத்தில் எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "இது வண்டியில திருட்டா, ஊட்ல திருட்டா சார்? வண்டின்னா வேற மாதிரி எழுதணும். ஊடுன்னா கதவு நம்பர் சொல்லு." கிறிஸ்துதாஸ் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் எழுதியதில் அது வண்டியாகத்தான் இருந்தது.

அதன் பிறகுதான் பூட்டுகள். ஸ்டீயரிங்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு. எஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச். அலாரமும் கேமராவும் பொருத்த அம்பத்தூரில் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக் வந்தான். கதவை ஒட்டிய ஜன்னலில் திரை இடுக்கு வழியாகப் பார்க்கும்படி, வெளியிலிருந்து தெரியாத சின்ன கேமராவை மாட்டினான். படிக்கட்டுப் பக்கம் ஆள் வந்தால் போனில் மணி அடிக்கும், படம் தெரியும், பேச்சும் கேட்கும். ஒரு பொத்தானைத் தொட்டால் இவர் பேசுவதும் அங்கே கேட்கும். வேலையை முடித்துவிட்டு அவன் சொன்னான்: "இவ்ளோ பூட்டு போட்டா உள்ள இன்னாவோ கீதுன்னுதான் நெனப்பான் நைனா. உள்ள ஆள் கீற மாதிரி காட்டு. ஆள் கீற எடத்துல எவனும் கை வெக்க மாட்டான்."

கிறிஸ்துதாஸுக்கு அது சரியாகப் பட்டது. ஞானகுமாரி விட்டுப்போன பழைய செருப்பைப் படியோரம் வைத்தார். அவளுடைய நைட்டி ஒன்றை நனைத்துக் கொடியில் போட்டார். காலையில் ஸ்கூட்டரில் வந்து வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, உள்ளே ரேடியோவைப் பாட விட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து எஞ்சினை ஓட விட்டு புது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவார், நைட்டியை மாற்றிப் போடுவார். ரேடியோவை முகப்பேரில் இருந்தபடியே போனில் போடவும் நிறுத்தவும் ஆசிக் ஒரு பிளக் வைத்துக்கொடுத்திருந்தான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனைக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒருநாள் ஒருவர், "இன்னா சார் அது, ஷூட்டிங் கேரவனா? எந்த நடிகை?" என்று பத்தாவது தடவையாகக் கேட்டபோது இவர் அலுத்துப்போய், "ஷூட்டிங்கெல்லாம் இல்லீங்க. அது நம்ம சின்ன வீடு" என்று சொல்லிவிட்டார். கடையே கப்சிப்பென்று அடங்கியது. டீ கிளாஸை வைத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்து, அடுத்த தெரு திரும்பும்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது மண்டையில் உறைத்தது. திரும்பிப் போய், "அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று விளக்க முடியுமா? விளக்கினால் இன்னும் அசிங்கம். படியில் பெண் செருப்பு, கொடியில் நைட்டி, காலையும் மாலையும் மட்டும் வந்து போகிற வயசான ஆள். கள்ளிக்குப்பம் கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

அந்த வாரம் முதல் கிறிஸ்துதாஸின் வண்டியை யாரும் தொடவில்லை. ஆசிக் சொன்னது பலித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு போனில் மணி அடித்தது. சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தார். படியருகே ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி கையில் கிண்ணத்தோடு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. பெயர் வசந்தா என்பது பிறகு அவள் பேச்சிலிருந்து தெரிந்தது.

"அக்கா," என்றாள் மூடிய ஜன்னலைப் பார்த்து. "கதவத் தொறக்க வேணாம். அவரு வெளிய வரக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரோ இன்னாவோ. ஊர் ஆயிரம் பேசும், நீ கண்டுக்காத. கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். இங்க வெச்சிட்டுப் போறேன்."

சாயங்காலம் போனபோது கிண்ணம் படியில் இருந்தது. கிறிஸ்துதாஸ் அதை வண்டிக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார். மூன்று வருஷத்தில் அடுத்தவர் கையால் சமைத்ததை அவர் சாப்பிட்டது அன்றுதான். கிண்ணத்தைக் கழுவினார். வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தருவது ஞானகுமாரிக்கு ஆகவே ஆகாது; சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். அந்தப் பழக்கத்தில் இவரும் இரண்டு கொய்யாப்பழம் வாங்கிப் போட்டு மதில் இடிந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

அதுதான் வினை. மறுநாள் பதினோரு மணிக்கு வசந்தா வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. "கிண்ணத்துல பழம் போட்டு குட்த்தியே, அப்பவே தெரிஞ்சிகினேன் அக்கா, நீ நல்ல குடும்பத்துப் பொம்பளன்னு. ஆம்பளைக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

இப்படியாக தினமும் பதினோரு மணி என்று ஆயிற்று. அந்த நேரத்தில் அவள் புருஷன் கோதண்டம் தூங்குவான். ஒரு கம்பெனியில் இரவுக் காவல் வேலை அவனுக்கு. வசந்தா படியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், பூண்டு உரிப்பாள், பேசுவாள். கிறிஸ்துதாஸ் முகப்பேரில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார். தப்பு என்று தெரியாமல் இல்லை. முதல் நாள் தெரிந்தது, இரண்டாம் நாள் தெரிந்தது, மூன்றாம் நாள் பத்தே முக்காலுக்கே போனை சார்ஜில் போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் அவள், "அந்த ரேடியோவ நிறுத்தேன் அக்கா. நான் பேசறது உனக்குக் கேக்குதா இல்லியான்னே தெரியல" என்றாள். கிறிஸ்துதாஸின் கட்டைவிரல் போன் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அமுக்கிவிட்டார். ரேடியோ நின்றது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண் கலங்கியது. "கேட்டுகினுதான் கீறியா! சரி, இனிமே ஆமான்னா ஒருதபா போட்டு நிறுத்து. இல்லன்னா சும்மா இரு."

"சாப்டியா அக்கா?" ரேடியோ ஒரு வார்த்தை பாடிவிட்டு நிற்கும். "புள்ளங்க கீதா?" அதற்கும் பாடும். "அந்த மனுஷன் உன்ன நல்லா வெச்சிக்கினு கீறாரா?" கிறிஸ்துதாஸ் இதற்கு நிறைய யோசித்தார். யோசித்துவிட்டு, ரேடியோவைப் போட்டு நிறுத்தினார். தனக்குத் தானே நற்சான்று எழுதிக்கொண்ட வெட்கத்தில் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கதை முழுவதும் அவருக்கு வந்து சேர்ந்தது. வசந்தாவின் அப்பா ஆரணியில் சீக்காகக் கிடந்தபோது, ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன் என்று கோதண்டம் சொல்லியிருக்கிறான். அப்பா சனிக்கிழமையே போய்விட்டார். அன்றோடு அவள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். அவனும் வீம்புக்காரன். பதினோரு வருஷம். நடுவில் மகள் பவ்யா இருந்த வரைக்கும், "உங்கப்பாகிட்ட சோறு வெச்சாச்சுன்னு சொல்லு", "உங்கம்மாகிட்ட வேணான்னு சொல்லு" என்று ஒப்பேறிவந்தது. பவ்யாவைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு அந்த வீட்டில் வார்த்தையே கிடையாது. தட்டை டொக்கென்று வைத்தால் சாப்பாடு என்று அர்த்தம்.

"கோவமெல்லாம் எப்பவோ பூட்ச்சு அக்கா," என்றாள் ஒருநாள், முருங்கைக் கீரையை உருவியபடி. "சும்மா ஒரு வார்த்த, 'சாப்ட்டியா'ன்னு கேட்டா போதும். அவரு தூங்கறச்சே கதவாண்ட நின்னு சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். முழிச்சிகினா நாக்கு வரைக்கும் வருது, அங்கியே நின்னுடுது. இத எம் பொண்ணுகிட்டகூட சொன்னதில்ல."

கிறிஸ்துதாஸின் விரல் அன்று அந்தப் பேசும் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. கேளும்மா, கேட்டுவிடு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் வண்டிக்குள்ளிருந்து ஆம்பளைக் குரல் வரும். பதினோரு மணி என்ற ஒன்று அவருக்கு இல்லாமல் போகும். அதை நினைத்ததும் விரலை எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. எழுந்து தண்ணீர் எடுக்கவே சுவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. முதல் நாள் வண்டிக்குப் போக முடியவில்லை. வசந்தா வந்து கேட்டாள். படுத்தபடியே ரேடியோவைப் போட்டு நிறுத்தினார். இரண்டாம் நாளும் போக முடியவில்லை. எஞ்சின் ஓடாததால் பேட்டரி இறங்கிப்போய், அமுக்கி அமுக்கிப் பார்த்தும் ரேடியோ பாடவில்லை. கேமராவுக்கும் அலாரத்துக்கும் தனி பேட்டரி; கேமரா மட்டும் அவளைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா. இன்னா, உடம்பு சரியில்லியா? அவர ரெண்டு நாளா காணோமே. உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் பூட்டாரா?" ஜன்னலைத் தட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். அன்று மட்டும் ஐந்து தடவை வந்தாள்.

அவர் காய்ச்சலாகக் கிடப்பது முகப்பேரில் எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது. மெல்போர்னிலும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. உலகத்திலேயே ஒரே ஒரு ஜீவன்தான் பதறியது. அதுவும் அவருக்காக இல்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே மணி அடித்தது. வசந்தாவின் தலை வாரப்படாமல் இருந்தது. "அக்கா, ஒண்ணும் பயப்படாத. உசிரக் கையில புடிச்சிகினு இரு. நான் ஆளக் கூட்டியாறேன்." கிறிஸ்துதாஸ் எழுந்து உட்கார்ந்தார். பேசும் பொத்தானை அமுக்கினார். தொண்டையைச் செருமி, "அம்மா, உள்ள யாரும் இல்லம்மா" என்றார். படத்தில் வெறும் படிதான் இருந்தது. அவள் போய்விட்டிருந்தாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது மனையில் இருபது பேர் இருந்தார்கள். நலச்சங்கத்துச் செயலாளர் ரவிச்சந்திரன் முன்னால் நின்றார். கதவருகே கையில் கடப்பாரையோடு, தூக்கம் கலையாத கண்ணோடு ஒருவன். அது கோதண்டம்.

"வாங்க சார்," என்றார் ரவிச்சந்திரன். "பொம்பளைய உள்ள வெச்சிப் பூட்டிட்டு மூணு நாளா எங்க போனீங்க? தொறக்கறீங்களா, போலீஸக் கூப்டட்டுமா?"

"உள்ள யாரும் இல்லைங்க."

"அத நாங்க பாத்துக்கறோம். தொறங்க."

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். மேல் பூட்டு, கீழ் பூட்டு. அலாரத்தை நிறுத்த மறந்துபோய், கதவைத் திறந்ததும் அது வீல் வீலென்று அலறியது. நாலைந்து பேர் சிரித்தார்கள். வசந்தா எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். "அக்கா!" கட்டிலைப் பார்த்தாள். போர்வையைத் தூக்கினாள். கக்கூஸ் திரையை விலக்கினாள். அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தாள், அங்கே ஒரு குழந்தைகூட ஒளிய முடியாது.

"யாரும் இல்ல," என்றார் பின்னால் எட்டிப் பார்த்த ரவிச்சந்திரன். "அப்ப செருப்பு, துணியெல்லாம்?"

"திருட்டு பயத்துக்குங்க. உள்ள ஆள் இருக்கற மாதிரி காட்டறதுக்கு. எல்லாம் என் வீட்டுக்காரியோடது. அவ வெளிநாட்டுல இருக்கா."

கூட்டத்தில் பெரிய சிரிப்பு. ரவிச்சந்திரன் அவர் தோளில் தட்டி, "நல்லா பயமுறுத்தினீங்க போங்க. வண்டி இங்கியே நிக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்" என்றார். கோதண்டம் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டே போனான்: "பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குதான் என்னாண்ட வாயத் தொறந்தா. 'எழுந்து வாய்யா, ஒரு பொம்பள சாவறா'ன்னு. எந்தப் பொம்பள? பைத்தியம் புட்ச்சிப்போச்சு இவளுக்கு."

கூட்டம் கலைந்தது. வசந்தா வண்டிக்குள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துதாஸ் படியில் கால் வைக்காமல் கீழேயே நின்றார்.

"கொய்யாப்பழம் யார் வெச்சது சார்?"

"நான்தாம்மா."

"ரேடியோ?"

"நான்தான். முகப்பேர்ல இருந்து. போன்ல." அவர் கீழே நின்றபடியே கையை நீட்டித் திரையை விலக்கி, சுண்டுவிரல் அகல கேமராவைக் காட்டினார்.

அவள் அதையே பார்த்தாள். "நான் பேசறது கேக்குமா இதுல?"

"கேக்கும்."

"சாப்ட்டியான்னு சொல்லிச் சொல்லிப் பாக்கறேன்னு சொன்னேனே. அது?"

"அதுவும் கேட்டுது."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை என்று சொல்ல முடியாது. வியர்வையாகவும் இருக்கலாம். "எனக்குன்னு ஒரே ஒரு ஆளு இருந்துது," என்றாள். "பூட்டுமேல பூட்டு போட்டுகினு, அதப் போய்த் திருடிக்கீறியே நீ. அவராண்ட பேசற மொத வார்த்தைய எவ்ளோ நாளா பத்திரமா வெச்சிகினு இருந்தேன். இல்லாத ஒருத்திக்காக அதையும் எட்த்து செலவு பண்ணிட்டேன்."

இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்ததற்கு பதிலாகச் சொல்ல கிறிஸ்துதாஸுக்கு எவ்வளவோ இருந்தது. காய்ச்சல், மெல்போர்ன், பத்தே முக்கால் மணி. அதையெல்லாம் விட்டுவிட்டு, "தப்புதாம்மா. என்னை மன்னிச்சிரு," என்றார்.

வசந்தா எழுந்து படியிறங்கினாள். அவரைத் தாண்டிப் போய், மதில் இடிந்த இடத்தில் நின்று திரும்பினாள்.

"உன்ன இன்னான்னு மன்னிக்கறது?" என்றாள். "நீ யாரு எனக்கு? உங்கூட நான் ஒரு வார்த்த பேசினதில்லியே."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வசந்தா பேச்சை நிறுத்தினால் எத்தனை வருஷத்துக்கு நிறுத்துவாள் என்பது கள்ளிக்குப்பத்தில் கோதண்டத்துக்கு அடுத்தபடியாக கிறிஸ்துதாஸுக்குத்தான் தெரியும்.